சாலை போட்ட பிறகு தெருப் பெயர் மாற்றம்: சொத்துக்காரர்களிடம் எதைக் கேட்பது, எப்போது கேட்பது

கேள்வி இதுதான்: ஆபத்தான வளைவு ஒன்றை நேராக்கிப் புதுச் சாலை போட்டிருக்கிறார்கள். பழைய வளைவு, பதினான்கு வீடுகளோடும் இரண்டு கடைகளோடும் தனித் துண்டாக ஒதுங்கிவிட்டது. இரண்டுக்கும் ஒரே பெயர் இருக்க முடியாது என்பதால் பழைய துண்டின் பெயரை மாற்ற வேண்டியிருக்கிறது. அங்கே சொத்து வைத்திருப்பவர்களை இதில் எப்படிச் சேர்த்துக்கொள்வது? கடிதம் போதுமா, கூட்டம் போட வேண்டுமா, வாக்கெடுப்பு நடத்த வேண்டுமா?

கடிதமா கூட்டமா என்பது அடுத்த கேள்வி. அவர்களிடம் எதைக் கேட்கப்போகிறீர்கள் என்பது முதலில் தெளிவாக வேண்டும். தெருப் பெயர் மாற்றத்தில் வெடிக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை, முடிவாகிவிட்ட ஒன்றை முடிவாகாதது போலக் கேட்டதால் வருகிறவை. "பெயரை மாற்றலாமா?" என்று முதல் கடிதம் போகும். பதினாறு பேரில் பன்னிரண்டு பேர் வேண்டாம் என்று எழுதுவார்கள். யாருக்குத்தான் தன் முகவரியை மாற்றிக்கொள்ள ஆசை இருக்கும்? பிறகு, "அவசர உதவி வண்டிகள் குழம்பக்கூடாது என்பதால் மாற்றியே ஆக வேண்டும்" என்று இரண்டாவது கடிதம் போகும். அதற்குப் பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் அந்தத் தெருவில் யாரும் நம்பமாட்டார்கள்.

எனவே, மாற்றம் கட்டாயம் என்றால் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகும் அவர்கள் கையில் கொடுக்க நிறைய இருக்கிறது. என்ன பெயர், எந்தத் தேதியிலிருந்து, வீட்டு எண் அப்படியே இருக்குமா, மூலை வீடு எந்தத் தெருவின் முகவரியை எடுத்துக்கொள்ளும், பழைய பலகை எத்தனை மாதம் நிற்கும் என்பவையெல்லாம் உண்மையாகவே திறந்திருக்கும் கேள்விகள். இவற்றில் அவர்கள் சொல்வது முடிவை மாற்றும் என்றால் மட்டும் கேளுங்கள்.

ஆனால் கட்டாயம் என்று சொல்வதற்கு முன்னால், உண்மையிலேயே கட்டாயம்தானா என்று உங்கள் பொறியாளர்களிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். வரைபடத்தில் புதுச் சாலைக்குப் பழைய பெயரைத் தொடர்ந்து எழுதிவிடுவது அவர்கள் பழக்கம். போக்குவரத்து அதில்தானே போகிறது என்பது அவர்கள் கணக்கு. புதுச் சாலையில் ஒரு வீட்டு வாசல்கூட இல்லாமல் இருக்கலாம். அதற்கு என்ன பெயர் வைத்தாலும் யாருடைய முகவரியும் மாறாது. வாசல்கள் எல்லாம் இருப்பது பழைய துண்டில். ஊரைச் சுற்றிப் போகும் நீண்ட புறவழிச்சாலை என்றால் பழைய பெயரைப் பழைய சாலையிலேயே விட்டுவிட்டு, புறவழிக்குப் புதுப் பெயர் வைத்துவிடலாம். வேலை முடிந்தது, ஒரு வீட்டுக்கும் தொந்தரவில்லை.

உங்கள் விஷயத்தில் அந்த வழி அடைபட்டிருக்கும் என்றே நினைக்கிறேன். நேராக்கியது ஒரே ஒரு வளைவு. அந்தச் சிறு நேர்த்துண்டுக்கு மட்டும் வேறு பெயர் வைத்தால், நெடுக ஒரே பெயரில் ஓடும் சாலை நடுவில் கொஞ்ச தூரம் வேறு பெயருக்கு மாறி, மறுபடி பழைய பெயருக்குத் திரும்பும். வண்டி ஓட்டுபவருக்கு அதைவிடக் குழப்பம் வேறு இல்லை. ஆகவே குட்டை வளைவு என்றால் ஒதுங்கிய துண்டுதான் பெயர் மாற வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் பொதுவான முகவரித் தரம் ஒன்று 2011-ல் வெளிவந்தது. ஒரு பெயர் தாங்கிய சாலை, இடையில் அறுபடாமல் போய்வரக்கூடிய ஒரே துண்டாக இருக்க வேண்டும் என்பதே அதன் நிலைப்பாடு. பாலமில்லாத ஓடையோ ரயில் பாதையோ குறுக்கிட்டு இரண்டாகப் பிரிந்தால் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும். காரணம் எளிது. அவசர உதவிக் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் சாலையின் பெயரையும் எண்ணையும் வைத்துத்தான் வண்டியை அனுப்புகிறார். வண்டி நேர்ச்சாலையில் விரைந்து வந்து, வலப்பக்கம் நாற்பதடி தள்ளி அந்த வீடு கண்ணுக்குத் தெரிந்தும், திரும்ப வழியில்லாமல் அடுத்த சந்திப்பு வரை போய்ச் சுற்றி வர வேண்டியிருக்கும்.

இந்தக் காரணத்தைச் சொத்துக்காரர்களுக்குச் சொல்லும்போது "நிர்வாகக் காரணங்களுக்காக" என்று எழுதாதீர்கள். அவர்கள் வீட்டு வாசலையும், புதுச் சாலையையும், வண்டி சுற்றி வரும் வழியையும் ஒரு சின்ன வரைபடத்தில் போட்டு அனுப்புங்கள். நிலப்பதிவு வரைபடத்தின் நகல் வேண்டாம். அதில் எல்லைக் கோடுகள் இருக்கும், வாசல்கள் இருக்காது. மக்கள் தங்கள் இடத்தை எல்லைக் கோடாக நினைப்பதில்லை, வாசலாகத்தான் நினைக்கிறார்கள். தவிர, வாசல்களைக் குறிப்பதற்காக ஒருவர் நேரில் நடந்து போனால், அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தால் தெரியாத இரண்டு விஷயங்கள் தெரியவரும். வரிப் பதிவேட்டில் ஒரே சொத்தாக இருப்பது உள்ளே மூன்று குடித்தனமாக இருக்கும். நேர்ச்சாலையில் இருப்பதாக நீங்கள் எண்ணியிருந்த ஒரு வீட்டுக்குப் பின்பக்க வாசல்தான் புழக்கத்தில் இருக்கும்.

அடுத்தது, சட்டப்படி அவர்களுக்கு என்ன உரிமை இருக்கிறது என்பது. இது நாட்டுக்கு நாடு மட்டுமல்ல, சில நாடுகளில் ஊருக்கு ஊர் மாறும். எவ்வளவு மாறும் என்பதற்கு இங்கிலாந்து நல்ல எடுத்துக்காட்டு. அங்கே 1907-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத் திருத்தம், தெருவில் வரி செலுத்துவோரில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்பினால்தான் பெயரை மாற்றலாம் என்றது. 1925-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டமோ ஒப்புதலே கேட்கவில்லை. தெருவின் இரு முனைகளிலும் ஒரு மாதத்துக்கு முன்பே அறிவிப்பு ஒட்ட வேண்டும், பாதிக்கப்பட்டவர் 21 நாட்களுக்குள் நீதிமன்றத்தில் முறையிடலாம் என்பதோடு அது நிறுத்திக்கொண்டது. எந்த ஊருக்கு எந்தச் சட்டம் என்பது அந்தந்தப் பகுதியைப் பொறுத்தது. அடுத்தடுத்த இரண்டு ஊர்களில் ஒன்றில் மூன்றில் இரண்டு பங்கு, மற்றொன்றில் கம்பத்தில் ஒட்டிய காகிதம் என்ற நிலை வெகுகாலம் நீடித்தது. 2023-ல் வந்த சட்டம்தான், தேவையான ஆதரவு இருந்தாலொழிய பெயரை மாற்றக்கூடாது என்று பொது விதி வகுத்தது.

உங்கள் ஊரில் எந்த வகை என்று முதலில் பார்த்துவிடுங்கள். ஒப்புதல் கேட்கும் சட்டமாக இருந்தால், நான் மேலே சொன்ன "இது முடிவாகிவிட்டது" என்ற வரியை எழுத உங்களுக்கு அதிகாரமே கிடையாது. அப்போது ஆதரவு திரட்டுவதுதான் வேலை. அறிவிப்பு மட்டும் போதும் என்ற சட்டமாக இருந்தால், அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்ற ஆசை வரும். வேண்டாம். கம்பத்தில் ஒட்டிய காகிதத்தைப் படித்துத் தெரிந்துகொண்டவர் எவரையும் நான் சந்தித்ததில்லை. ஆனால் அதைப் படிக்கவில்லை என்று கோபப்பட்டவர்கள் ஏராளம்.

சொத்துக்காரர்கள் யார் என்ற பட்டியலைத் தயாரிப்பது, இருப்பதிலேயே சலிப்பான வேலை. அதிகத் தவறு நடப்பதும் அங்கேதான். வரிப் பதிவேட்டில் இருக்கும் பெயர்களை எடுத்துக் கடிதம் அனுப்பினால், அவற்றில் சில இறந்துபோனவர்களின் பெயராக இருக்கும். வாரிசுகள் நான்கு பேர், நான்கு ஊரில் இருப்பார்கள். காலி மனைக்காரர் அந்தத் தெருவுக்கு வந்தே பல ஆண்டுகள் ஆகியிருக்கும். அவருக்கு முகவரியே இல்லாததால் பெயர் மாற்றம் அவரைத் தொடாது என்று விட்டுவிடாதீர்கள். நாளைக்கு அங்கே வீடு கட்டப்போகிறவர் அவர். அடுக்குமாடி இருந்தால் கட்டடத்துக்கு ஒரு வாக்கா, வீட்டுக்கு ஒரு வாக்கா என்ற கேள்வி வரும். மூலை மனைக்காரர் இரண்டு தெருவிலும் இருக்கிறார். அவரை இரண்டு பட்டியலிலும் சேர்க்காமல் விட்டால் இரண்டிலும் கோபப்படுவார்.

வாடகைக்கு இருப்பவர்கள் தனி விஷயம். சட்டம் பெரும்பாலும் உரிமையாளரை அல்லது வரி செலுத்துவோரைத்தான் பேசுகிறது. தபால் தவறிப்போவதும், மருந்துப் பொட்டலம் வந்து சேராததும், பிள்ளையின் பள்ளிப் பதிவில் முகவரி பொருந்தாமல் போவதும் குடியிருப்பவருக்குத்தான். வெளியூரில் இருக்கும் உரிமையாளர் கடிதத்தைப் பிரிக்காமலே வைத்திருப்பார். வாடகைதாரர் பெயர்ப்பலகை மாறிய அன்றுதான் தெரிந்துகொள்வார். வாக்குரிமை உரிமையாளருக்கு மட்டும்தான் என்றாலும், அதே கடிதத்தின் இன்னொரு பிரதியை "குடியிருப்பவருக்கு" என்று எழுதி ஒவ்வொரு வாசலிலும் கொடுத்துவிடுங்கள்.

எப்போது தொடங்குவது? சாலையின் வடிவமைப்பு உறுதியான உடனே. அப்போதே எந்தெந்தத் துண்டுகள் ஒதுங்கும் என்று தெரிந்துவிடும். ஒப்பந்தப் புள்ளி கோரும்போது பெயர்ப்பலகைகளின் எண்ணிக்கையும் அதில் எழுதப்பட வேண்டும். அதற்குள் பெயர் முடிவாகியிருந்தால் நல்லது, குறைந்தபட்சம் பெயர் வரப்போகிறது என்பதாவது இடம்பெற வேண்டும். பெரும்பாலான இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. சாலை திறந்து, ரிப்பன் வெட்டி, புகைப்படம் எடுத்து முடிந்த பிறகு, ஒரு நாள் தீயணைப்பு நிலையத்திலிருந்து கடிதம் வரும்: இந்தத் துண்டுக்குப் பெயர் என்ன? அப்போது திட்டக் கணக்கு மூடப்பட்டிருக்கும். பலகைக்கும் புது எண் தகட்டுக்கும் யார் பணம் தருவது என்று இரண்டு துறைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். இந்தப் பெயர் மாற்றத்தை வரவழைத்தது சாலைத் திட்டம். ஆகவே அதன் செலவும் சாலைத் திட்டத்தின் மதிப்பீட்டில்தான் ஒரு வரியாக இருக்க வேண்டும். மொத்தத்தில் பார்த்தால் தூசு போன்ற தொகை. மறந்துவிட்டால் பிறகு எங்கிருந்தும் வராது.

சீக்கிரம் தொடங்குவதில் ஒரு கண்ணி இருக்கிறது. வளைவை நேராக்க நிலம் எடுத்திருப்பார்கள். அந்தப் பதினாறு பேரில் சிலர் முன்வாசல் தோட்டத்தையோ மரத்தையோ பறிகொடுத்திருப்பார்கள். இழப்பீட்டு வழக்குகூட நடந்துகொண்டிருக்கலாம். அவர்களுக்கு நில எடுப்புக் கடிதத்தோடு சேர்த்து, "உங்கள் தெருவுக்கு அழகான பெயர் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்" என்று அனுப்பினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வேறு உறை, வேறு நாள், முடிந்தால் வேறு ஆள். நிலம் எடுக்க வந்த அதிகாரியே பெயர் கேட்க வரக்கூடாது. கூட்டத்தில் ஒருவர் எழுந்து இழப்பீட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினால் தடுக்காதீர்கள். குறித்துக்கொண்டு, யார் பதில் சொல்வார் என்று பெயரோடு சொல்லுங்கள். பெயரைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் அவர் காதில் விழும்.

பெயர்களுக்கு வருவோம். வெற்றுத் தாளைக் கொடுத்து "எழுதுங்கள்" என்பது தாராளமாகத் தோன்றும். அதில் ஜெயித்த பெயரை அவசர உதவிக் கட்டுப்பாட்டு அறை நிராகரித்தால், தாராளம் அவமானமாகிவிடும். நான் பரிந்துரைப்பது இரண்டு சுற்று. முதல் சுற்றில் எல்லோரும் பெயர் சொல்லலாம்; எந்தப் பெயர்கள் ஏற்கப்படாது என்ற விதிகள் அதே தாளில் இருக்க வேண்டும். வந்தவற்றைத் தீயணைப்பு, ஆம்புலன்ஸ், அஞ்சல் ஆகிய மூவரிடமும் கொடுத்துச் சலித்துவிட்டு, தேறியவற்றில் மூன்று அல்லது நான்கை இரண்டாவது சுற்று வாக்குக்கு வையுங்கள். விழுந்துபோன ஒவ்வொரு பெயருக்கும் ஏன் விழுந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். இந்த ஒரு வரியைத்தான் எல்லா அலுவலகங்களும் சோம்பல்பட்டு விட்டுவிடுகின்றன.

விதிகள் என்று சொன்னேனே, அவை நிறைய வேண்டாம். அதே பெயரோ அதே போல ஒலிக்கும் பெயரோ அதே அவசர உதவி எல்லைக்குள் இருக்கக்கூடாது. தொலைபேசியில் பதற்றத்தோடு சொன்னாலும் காதில் சரியாக விழ வேண்டும். எழுதுவது போலவே உச்சரிக்க வேண்டும். உயிரோடு இருப்பவர் பெயர் வேண்டாம் என்பதைப் பல ஊர்கள் விதியாக வைத்திருக்கின்றன. அமெரிக்காவின் புவியியல் பெயர்கள் வாரியம், இயற்கை அமைப்புகளுக்கு ஒருவர் பெயரை வைக்க அவர் இறந்து குறைந்தது ஐந்து ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும் என்கிறது. தெருவுக்கும் அந்த எச்சரிக்கை நல்லதே. பதினாறு சொத்துகளே உள்ள தெருவில், பெரிய நிலக்காரரின் குடும்பப் பெயர் முன்மொழிவாக வந்தே தீரும். விதி முன்கூட்டியே இருந்தால் விதி மறுக்கும். இல்லாவிட்டால் நீங்கள் மறுக்க வேண்டியிருக்கும்.

"பழைய" என்ற முன்னொட்டைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கடுமையான கருத்து உண்டு. ஒதுங்கிய துண்டுக்கு எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, இருக்கும் பெயருக்கு முன்னால் "பழைய" என்று ஒட்டிவிடுவது. சொத்துக்காரர்களும் அதைத்தான் விரும்புவார்கள். முகவரி மாறியும் மாறாதது போல இருக்குமே. ஆனால் நெஞ்சுவலிக்காரரின் மனைவி தொலைபேசியில் பேசும்போது முதலில் உதிர்வது அந்த முன்னொட்டுத்தான். பிரச்சினையைத் தீர்க்க வந்த பெயர், பிரச்சினையை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். கிழக்கு, மேற்கு, புதிய என்பவற்றுக்கும் இதே கதிதான். தனித்து நிற்கும் பெயர் வேண்டும். அதற்கு நல்ல ஊற்று, பழைய நில ஆவணங்கள். வயல், குளம், ஓடை, மேடு என்று அந்த இடத்துக்கு வீடுகள் வருவதற்கு முன்பே ஒரு பெயர் இருந்திருக்கும். அங்கே நெடுங்காலம் இருக்கும் இரண்டு குடும்பங்களுக்கு அது நினைவிருக்கும். அப்படி வரும் பெயருக்கு எதிர்ப்பு குறைவு. யாருடைய பெயரும் இல்லை என்பதால் யாருக்கும் வருத்தமில்லை.

வாக்கு எண்ணுவதில் ஒன்றை மட்டும் முன்கூட்டியே எழுதி வையுங்கள்: பதில் அனுப்பாதவரை என்ன செய்வீர்கள்? பதினாறு கடிதம் போய் ஒன்பது பதில் வரும். அதில் ஐந்து ஒரு பெயருக்கு. அது ஒன்பதில் பெரும்பான்மை, பதினாறில் சிறுபான்மை. எண்ணிய பிறகு விதி சொன்னால் எந்த விதியும் சதியாகத்தான் தெரியும். பெயரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு என்றால், வந்த பதில்களில் அதிகம் பெற்றது ஜெயிக்கும் என்பதே போதும். மௌனத்தை எந்தப் பக்கமும் சேர்க்க வேண்டாம். சட்டம் ஒப்புதல் பங்கு கேட்கும் ஊரில் மௌனம் எப்படி எண்ணப்படும் என்பதைச் சட்ட அலுவலரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். சொத்தின் அளவைப் பொறுத்து வாக்குக்கு எடை கொடுக்கலாமா என்றும் கேட்பார்கள். நான் கொடுக்கமாட்டேன். ஆம்புலன்ஸ் பெரிய மனைக்கும் சிறிய மனைக்கும் ஒரே பாதையில்தான் வருகிறது.

கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால், கிட்டத்தட்ட இப்படி:

"உங்கள் வீடு இருக்கும் சாலைத் துண்டு, புதிய சாலை திறந்ததும் பிரதான சாலையிலிருந்து பிரிந்துவிடும். ஒரே பெயரில் இரண்டு பாதைகள் இருந்தால் அவசர வண்டிகள் தவறான பாதையில் வரும். அதனால் இந்தத் துண்டின் பெயர் மாற வேண்டும், இது முடிவாகிவிட்டது. என்ன பெயர் என்பது முடிவாகவில்லை. அதைத் தேர்ந்தெடுக்கப்போவது நீங்கள். உங்கள் வீட்டு எண் மாறாது. உங்கள் நிலத்தின் எல்லையோ உரிமையோ வரியோ இதனால் மாறாது. பலகைக்கும் எண் தகட்டுக்கும் நீங்கள் பணம் தர வேண்டியதில்லை. புதுப் பெயர் எப்போது நடைமுறைக்கு வரும் என்பதைச் சாலை திறப்புத் தேதி உறுதியானதும் தனியாக எழுதுவோம். அதற்குப் பிறகு உங்களுக்குக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் இருக்கும்."

இதற்குக் கீழே ஒரு நபரின் பெயரும் நேரடித் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். அலுவலகத்தின் பொது எண் வேண்டாம்.

வீட்டு எண் மாறாது என்று எழுதுவதற்கு முன், உங்கள் எண் முறை எது என்று பாருங்கள். 412 முதல் 442 வரை எண்கள் உள்ள வீடுகள் புதுப் பெயரோடு அதே எண்களை வைத்துக்கொள்வதில் எந்தக் கேடும் இல்லை. பார்க்க விசித்திரமாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் தூரத்தை வைத்து எண் கொடுக்கும் முறையில் அது செல்லாது. நியூசிலாந்தின் கிராமப்புறச் சாலைகளில் 147 என்ற எண், சாலை தொடங்கும் இடத்திலிருந்து 1.47 கிலோமீட்டர் என்று பொருள்படும். பிரான்சின் கிராமங்களிலும் மீட்டர் கணக்கில் எண் கொடுக்கும் முறை பரவலாக இருக்கிறது. அங்கெல்லாம் வளைவை நேராக்கிச் சாலை சுருங்கினால், வளைவுக்கு அப்பால் இருக்கும் வீடுகளின் எண்களும் பொய்யாகிவிடும். பெயர் மாறாத அந்தச் சொத்துக்காரர்களும் அப்போது உங்கள் பட்டியலில் வருவார்கள். எண்ணையும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பெயரோடு சேர்த்து ஒரே நாளில் மாற்றுங்கள். இரண்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை முகவரி மாறிய தெருவில், மூன்றாவது கடிதத்தை யாரும் மரியாதையோடு வாங்கமாட்டார்கள்.

கூட்டம் வையுங்கள், ஆனால் அந்தத் துண்டிலேயே, மாலையில், நின்றபடி. அலுவலக மண்டபத்துக்கு வருகிறவர்கள் பேசப் பழகியவர்கள். தெருவில் நடத்தினால் வாசலில் நிற்கும் பாட்டியும் பேசுவார். கைதூக்கச் சொல்லி எண்ணாதீர்கள். அண்டை வீட்டார் பார்க்கும்போது தூக்கிய கை வேறு, சீட்டில் எழுதும் பெயர் வேறு. அங்கே உங்களிடம் வரும் கேள்விகளில் பெயரைப் பற்றியவை குறைவாகத்தான் இருக்கும். "என் பத்திரம் செல்லுமா?" என்பதுதான் முதல் கேள்வி. நில உரிமை பெரும்பாலும் சர்வே எண், மனை எண் போன்ற நில அடையாளத்தின் மேல் நிற்கிறது. தெருப் பெயர் அதில் விவரணையாக வருவதுதான். பெயர் மாறியதால் பத்திரம் செல்லாமல் போவதில்லை. ஆனால் வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள். பதிவு அலுவலகத்தில் விசாரித்து, அந்தப் பதிலை எழுத்தில் வாங்கி, கூட்டத்தில் நகல் கொடுங்கள்.

அடுத்து வங்கிக் கடன், காப்பீடு, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், மின் இணைப்பு என்று வரிசையாக வரும். இதற்கெல்லாம் ஒரே மருந்துதான்: முகவரிச் சான்று. பழைய முகவரி, புதிய முகவரி, இரண்டும் ஒரே இடம் என்ற உறுதி, நடைமுறைக்கு வரும் தேதி, நீங்கள் நிறைவேற்றிய தீர்மானத்தின் எண், முத்திரை. கேட்காமலே ஒவ்வொரு சொத்துக்கும் பல பிரதிகள் கொடுங்கள். உரிமையாளர் பெயரை அதில் போடாமல் இடத்தை மட்டும் எழுதினால் வாடகைதாரரும் பயன்படுத்திக்கொள்ளலாம். மின்சாரம், குடிநீர், வரி போன்று உங்களால் நேரடியாக மாற்றக்கூடியவற்றை நீங்களே மாற்றிவிட்டு, மாற்றிவிட்டோம் என்று சொல்லுங்கள். அவர்கள் அலைய வேண்டிய பட்டியல் பாதியாகக் குறையும்.

இரண்டு கடைகளைத் தனியாகப் போய்ப் பாருங்கள். ஒரு கடை தன் பெயரிலேயே தெருவின் பெயரை வைத்திருந்தால், உரிமையாளருக்கு அது முகவரி அல்ல, வாடிக்கையாளர் அவரைத் தேடும் அடையாளம். கடையின் பெயரை அவர் மாற்ற வேண்டியதில்லை என்று சொல்லலாம். ரசீதுப் புத்தகமும் பெயர்ப்பலகையும் விளம்பரமும் வீணாகும் என்பதை மறுக்க முடியாது. போதாக்குறைக்கு, போக்குவரத்து நேர்ச்சாலைக்குப் போய்விட்டது. கடை வாசலில் வண்டிகள் நிற்பது ஏற்கெனவே குறைந்திருக்கும். அவருடைய உண்மையான நட்டம் அதுதான்; பெயர் மாற்றம் அதன்மேல் விழும் கோபத்தின் வடிகால். நேர்ச்சாலையில் "கடைகளுக்கு வழி" என்று ஒரு அறிவிப்புப் பலகை வைக்க முடியுமா என்று நெடுஞ்சாலைத் துறையிடம் கேட்டுப் பாருங்கள். அச்சுச் செலவுக்குச் சிறு தொகை தர உங்கள் விதிகள் இடம் கொடுத்தால் கொடுங்கள். இடமில்லை என்றால், கையிருப்பில் உள்ள ரசீதுகள் தீரும் வரை பழைய முகவரியை அலுவலகங்கள் ஏற்கும் என்ற உறுதியையாவது எழுத்தில் வாங்கிக் கொடுங்கள்.

தேதியை நாள்காட்டியைப் பார்த்து வைக்காதீர்கள். பழைய துண்டு பிரதான சாலையிலிருந்து உண்மையாகவே துண்டிக்கப்படும் நாளில்தான் பழைய முகவரி தவறாகிறது. அதற்கு முன் மாற்றினால் வண்டி இன்னும் இல்லாத தெருவைத் தேடும். சாலைத் திறப்பு தள்ளிப்போகும். எப்போதும் தள்ளிப்போகிறது. எனவே ஒப்பந்தக்காரர் திறப்புத் தேதியை எழுத்தில் தந்த பிறகே பெயரின் தேதியை அறிவியுங்கள். வாக்காளர் பட்டியல் திருத்தம் முடிந்து தேர்தல் நெருங்கும் காலம், வரி செலுத்தும் கடைசி வாரம் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள்.

பெயர் மாறிய பிறகும் பழைய பெயரை ஒரேயடியாக அழிக்கக் கூடாது. பெர்லினில் பழைய பலகையைக் கழற்றிவிடுவதில்லை; பெயரின் குறுக்கே சிவப்புக் கோடு அடித்து, புதுப் பலகையோடு சேர்த்துச் சுமார் ஆறு மாதம் நிற்கவிடுகிறார்கள். செலவு மிகக் குறைவு, பயன் பெரிது. பழைய முகவரியோடு வருகிறவருக்கு அந்த இடம் இதுதான் என்று உடனே தெரிந்துவிடுகிறது. அமெரிக்க அஞ்சல் துறை, 911 அவசர அழைப்புக்காக கிராமப்புற முகவரிகள் தெரு முகவரிகளாக மாற்றப்பட்டபோது பழையதையும் புதியதையும் இணைக்கும் தரவுத்தளம் ஒன்றை உருவாக்கிப் பராமரிக்கிறது. உங்கள் அஞ்சல் அலுவலகத்தில் அப்படியொன்று இருந்தால் அதில் பதியச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பகுதி அஞ்சல்காரரிடமே பட்டியலைக் கொடுங்கள். அவர் விடுப்பில் போகும்போது வருகிறவருக்கும் ஒன்று. இணைய வரைபடங்களில் யாராவது மாற்றுவார்கள் என்று காத்திருக்காமல் நீங்களே திருத்தம் அனுப்புங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பழைய பெயரைத் தனியாகக் குறித்து வைக்கவே இடம் இருக்கிறது. அதை நிரப்பிவிட்டால் பழைய பெயரில் தேடுகிறவரும் வழி கண்டுபிடிப்பார்.

புதுப் பெயர் நடைமுறைக்கு வந்த மறுவாரம் கட்டுப்பாட்டு அறையின் அலுவலக எண்ணுக்குப் பேசி, புதிய பெயரில் ஒரு வீட்டு எண்ணைச் சொல்லித் திரையில் எங்கே காட்டுகிறது என்று கேளுங்கள். பிறகு பழைய பெயரில் அதே எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். இரண்டும் ஒரே வாசலைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் எந்தப் பதிவேட்டில் விடுபட்டது என்று அங்கேயே தெரிந்துவிடும். சிவப்புக் கோடு போட்ட பலகையை இறக்கும் முன்னும் இதை இன்னொரு முறை செய்துவிட்டு, முடிவைப் பதினாறு பேருக்கும் ஒரு வரிக் கடிதமாக அனுப்பிவிடுங்கள்.